அம்மா பார்க்கும் போலீஸ்

2024 டிசம்பரில் 'சி.ஐ.டி.' தொடர் மறுபடியும் தொலைக்காட்சிக்கு வந்தது. 1998 ஜனவரியில் சோனி தொலைக்காட்சியில் ஆரம்பித்து 2018 அக்டோபரில் நிறுத்தப்பட்ட இந்தித் தொடர் அது. இருபது வருஷம், ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பகுதிகள். ஆறு வருஷம் கழித்து அதே ஏ.சி.பி. பிரத்யுமன், அதே அபிஜித், கதவை உடைக்கிற அதே தயா. புதுச்சேரியில் நாங்கள் சிலபேர் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவது வழக்கம். புத்தகம், சினிமா, அந்த மாதம் நடந்த வன்கொடுமை, எது வேண்டுமானாலும் பேச்சில் வரும். அந்த மாதக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது இந்தத் தொடரைப் பற்றிப் பேச்சு வந்தது.

ஒரு தோழர் கோபமாகச் சொன்னார்: "இருபது வருஷமா ஒரே கதை. அரசு எந்திரத்துக்கு ஓசி விளம்பரம். இதைப் பாத்து வளந்த கூட்டம்தான் என்கவுன்ட்டர்னா கைதட்டுது." கல்லூரியில் படிக்கும் தோழி ஒருவர் மறுத்தார். "அதெல்லாம் காமெடி தோழர். நாங்க சிரிக்கத்தான் பாக்குறோம். அந்தக் கதவு உடைக்கிறத வச்சு எத்தன மீம்ஸ் போட்டிருக்கோம் தெரியுமா." இன்னொருவர், சிரித்துக்கொண்டே பார்த்தாலும் உள்ளே இறங்குவது இறங்கிக்கொண்டுதான் இருக்கும் என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க அம்மா பாக்குறாங்க. சிரிக்காமப் பாக்குறாங்க" என்று சொல்லிவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தலித் அம்மாவைப் பற்றி அந்த இடத்தில் யார் என்ன சொல்ல முடியும்? எனக்கும் அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

*

அம்மாவுக்கு இந்தி தெரியாது. எனக்கும் தெரியாது. ரோடியர் மில் என்று எங்கள் ஜனங்கள் சொல்லும் ஏ.எப்.டி. மில்லில் அப்பா வேலை பார்த்தார். மில் 2020இல் ஒரேயடியாக மூடப்பட்டது. அதற்கு ரொம்ப முன்னாலேயே அது படுத்துவிட்டது. வேலை உண்டா இல்லையா என்று தெரியாமல் அப்பா வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த வருஷங்களில் அம்மாவின் சம்பாத்தியத்தில்தான் அடுப்பு எரிந்தது. அம்மா ஒரு ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. வாரக் கடைசியில் ராத்திரி பத்து மணிக்கு, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து டி.வி. முன்னால் உட்காருவார். தமிழ் சீரியல் ஓடிக்கொண்டிருந்தால் மாற்றச் சொல்லுவார். "அந்தப் போலீஸ் வைடா."

பாஷை தெரியாமல் எப்படிப் புரிந்தது என்று கேட்கலாம். இந்தத் தொடருக்குப் பாஷை தேவையில்லை. முதல் காட்சியில் ஒரு பிணம். உடனே வண்டி வந்து நிற்கும். ஏ.சி.பி. இறங்குவார், பிணத்தைச் சுற்றி நடப்பார், விரல்களைக் காற்றில் ஆட்டி யோசிப்பார். ஏதோ ஒரு பொத்தான், ஏதோ ஒரு மண், ஏதோ ஒரு தலைமுடி கிடைக்கும். டாக்டர் சாலுங்கே பரிசோதனைக்கூடத்தில் அதைப் பார்த்து ஒன்று சொல்லுவார், ஏ.சி.பி.க்கும் அவருக்கும் ஒரு சின்னச் சண்டை. முதலில் சந்தேகப்பட்ட ஆள் குற்றவாளியாக இருக்கமாட்டான். ஒரு கதவு பூட்டியிருக்கும், தயா உடைப்பார். கடைசி ஐந்து நிமிஷத்தில் குற்றவாளிக்குக் கன்னத்தில் ஒரு அறை. அறை விழுந்ததும் அவன் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லுவான். உனக்குத் தூக்குதான் என்று ஏ.சி.பி. சொல்லுவார். முடிந்தது. இருபது வருஷமாக இது மாறவில்லை. திரௌபதி அம்மன் கூத்தில் துரியோதனன் சாவான் என்று தெரிந்தேதானே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம்? அப்படித்தான் அம்மாவும் உட்கார்ந்திருந்தார். மறுநாள் தண்ணிக் குழாயில் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அந்தக் கதையை முழுசாகச் சொல்லுவார், பேர்களை மட்டும் மாற்றி.

அம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது ஏ.சி.பி.யோ தயாவோ இல்லை. டாக்டர் சாலுங்கேதான். "டாக்டரே பொணத்தத் தொடுறான் பாரு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுவார். நாங்கள் சிரிப்போம். பல ஆஸ்பத்திரிகளில் பிணத்தை அறுப்பதும் தைப்பதும் கழுவுவதும் யார் வேலை, தள்ளி நின்று எழுதிக்கொள்வது யார் வேலை என்று தெரிந்தவர்களுக்குத்தான் அம்மாவின் ஆச்சரியம் புரியும். செத்தவனைத் தொட்டுப் பார்க்க ஒரு பெரிய மனுஷன் வருகிறான். அம்மாவைப் பொறுத்தவரை அந்தத் தொடரில் நடக்கும் முதல் அதிசயமே அதுதான்.

*

கோபப்பட்ட தோழர் சொன்னதை நான் மறுக்கவில்லை. புதுச்சேரிக்காரர்களுக்குப் போலீஸ் என்றால் என்னவென்று தொலைக்காட்சி சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஊர்ப் போலீஸ்காரர்கள் தலையில் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சிவப்புத் தொப்பி இன்னும் இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் கடற்கரையில் அவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதே பிரெஞ்சு ஆட்சியில்தான் 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த மில் தொழிலாளிகள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சின்ன வயதில் ஜூலை 30 என்றால் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலத்துக்குப் போவார். போலீஸ் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அந்தத் தோளில் உட்கார்ந்துதான்.

எல்லைக்கு அந்தப் பக்கமும் கதை வேறில்லை. 1992 ஜூனில் வாச்சாத்தி. வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஒரு மலைவாழ் மக்கள் கிராமத்துக்குள் புகுந்து செய்ததற்கு 2011இல்தான் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்தே போயிருந்தார்கள். 2023இல்தான் உயர்நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதி செய்தது. 1995 ஆகஸ்டில் கொடியங்குளம். 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் 17 பேர். இதையெல்லாம் தெரிந்த நம் வீடுகளில், ராத்திரி பத்து மணிக்கு, போலீஸ் ஜெயிப்பதைப் பார்த்து ஒரு திருப்தி வருகிறது என்றால் அந்தத் திருப்திக்கு என்ன அர்த்தம்? அடித்தவன் கையையே முத்தமிடுகிற அடிமைப் புத்தி என்று சொல்லி முடித்துவிடலாம். எங்கள் கூட்டத்தில் அப்படித்தான் முடித்திருப்போம். ஃபூக்கோவிலிருந்து நாலு வரி, கிராம்சியிலிருந்து ரெண்டு வரி, வேலை முடிந்தது. ஆனால் அம்மா வேறொன்று சொன்னார்.

*

எனக்கு ஒரு சின்ன மாமா இருந்தார். அம்மாவுக்கு நேர் இளையவர். பெயின்ட் வேலை. 2004 ஐப்பசி மழையில் ஒருநாள் காலையில் உப்பனாறு வாய்க்காலில் கிடந்தார். பின்மண்டையில் காயம். அதற்கு ரெண்டு நாள் முன்னால், வேலை செய்த வீட்டில் கூலி பாக்கி கேட்கப்போய் வாய்த்தகராறு. சாதிப் பேரைச் சொல்லித் திட்டி அனுப்பியிருக்கிறார்கள். அதை அம்மாவிடம் வந்து சொல்லி அழுதிருக்கிறார். அம்மா இதையெல்லாம் ஸ்டேஷனில் போய்ச் சொன்னார். எந்த ஸ்டேஷன் என்று இங்கே எழுதப்போவதில்லை. எந்த ஸ்டேஷனாக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். "குடிப்பானா?" என்று கேட்டார்கள். குடிப்பான் என்று அம்மா சொன்னார். அவ்வளவுதான். 174 போட்டு, குடிபோதையில் தவறி விழுந்து சாவு என்று எழுதி மூடிவிட்டார்கள். அந்த வீட்டுக்கு யாரும் போகவில்லை. வாய்க்கால் கரையில் யாரும் குனிந்து பார்க்கவில்லை. மாமாவின் சைக்கிள் எங்கே போனது என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

நான் எம்.ஏ. தமிழ் முடித்து, இயக்கம், இலக்கியம் என்று சுற்ற ஆரம்பித்த நேரம். ஒரு ராத்திரி டி.வி.யை நிறுத்தச் சொல்லி அம்மாவோடு சண்டை போட்டேன். "நம்மள அடிக்கிறவனுங்கள ஹீரோவா காட்டுறான், அதையும் உக்காந்து பாக்குறியே" என்று கத்தினேன். அம்மா டி.வி.யை நிறுத்தவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. பார்த்துக்கொண்டே சொன்னார்: "அடிக்கிறது எனக்குத் தெரியாதா? இதுல செத்தவனப் பத்திக் கேக்குறாங்கடா. யாரு, என்ன, எங்கப் போனான், கடைசியா யாரோட இருந்தான், எல்லாம் கேக்குறாங்க. உங்க மாமன் செத்தப்ப ஒருத்தனாவது வந்து கேட்டானா? குடிப்பான், யாரு இல்லேன்னது. குடிக்கிறவன் செத்தா கேக்கக் கூடாதா?"

நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. இருபது வருஷ விமர்சனமும் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வரவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அந்தத் தொடர் போலீஸை நல்லவர்களாகக் காட்டுகிறது என்றுதான் நாம் பேசுகிறோம். அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. அவர் கவனித்தது, அங்கே எந்தச் சாவும் கேட்பாரற்றுப் போவதில்லை என்பதை. பிச்சைக்காரன் செத்தாலும் ஏ.சி.பி. வருகிறார். பேர் தெரியாத பிணத்துக்குப் பேர் கண்டுபிடிக்க ஒரு பகுதி முழுக்கச் செலவாகிறது. செத்தவன் ஒரு ஆள், அவன் எப்படிச் செத்தான் என்பது தெரிந்தாக வேண்டும் என்ற ஒரு பிடிவாதம் அந்த வாய்பாட்டுக்குள் இருக்கிறது. நம் ஜனங்களுக்கு இந்த நாட்டில் கிடைக்காத மரியாதை அது.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. 1989இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995இல் விதிகள் எழுதினார்கள். தலித்துகள், பழங்குடிகள் மேல் நடக்கும் வன்கொடுமையை டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரிதான் புலன்விசாரணை செய்ய வேண்டும் என்று அதில் ஏழாவது விதி சொல்கிறது. சாதாரண ஸ்டேஷனை நம்ப முடியாது என்று அரசாங்கமே தன் கைப்பட எழுதிக் கொடுத்த ஒப்புதல் அது. மாநகரப் போலீஸில் டி.எஸ்.பி.க்குச் சமமான பதவி எது தெரியுமா? ஏ.சி.பி. ஆக, பிணம் கிடக்கும் இடத்துக்கு ஏ.சி.பி.யே நேரில் வருகிறார் என்று நாம் கேலி செய்கிற அந்தக் கற்பனை, நம்மைப் பொறுத்தவரை கற்பனை இல்லை, சட்டம். எங்கள் மாமா செத்தது வன்கொடுமையா, இல்லை உண்மையிலேயே தவறி விழுந்தாரா? அதைச் சொல்லவே யாராவது வந்து கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டதால் அது எதுவுமே இல்லாமல் போனது. சட்டப்படி வர வேண்டிய அதிகாரி எங்கள் வீட்டுக்கு டி.வி. வழியாகத்தான் வந்தார்.

*

இதோடு நிறுத்தினால், பாமர மக்களின் ரசனைக்குள் ஒரு நீதி இருக்கிறது என்று அழகாக முடிக்கலாம். மீதிக் கதையையும் சொல்லியாக வேண்டும்.

பெரியம்மா மகன் ஒருத்தர், எனக்கு அண்ணன். அம்மாவைச் சித்தி சித்தி என்று சுற்றி வருவார். பெரியம்மா இறந்த பிறகு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. 2009இல் அண்ணன் எலக்ட்ரிக் வேலை செய்துகொண்டிருந்த ஒரு அடுக்குமாடியில் நகை காணாமல் போனது. அங்கே வேலை செய்தவர்களில் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று பேரும் எங்கள் தெருப் பையன்கள். ரெண்டு ராத்திரி. மூன்றாம் நாள், அந்த வீட்டுச் சொந்தக்காரப் பையனே நகையை எடுத்து அடகு வைத்திருக்கிறான் என்று தெரிந்தது. அண்ணனை அனுப்பிவிட்டார்கள். கேஸ் இல்லை, காகிதம் இல்லை, ஒரு எழுத்து இல்லை. இடது காது அன்றிலிருந்து கேட்காது.

அண்ணனும் எங்களோடு உட்கார்ந்துதான் சி.ஐ.டி. பார்ப்பார். கடைசி ஐந்து நிமிஷம் வரும்போது எழுந்து வெளியே போய் பீடி பற்றவைப்பார். ரொம்ப நாள் நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தது அம்மாதான்.

அந்த அறையைப் பற்றி இப்போது பேச வேண்டும். கதை முழுக்கப் பொத்தானும் மண்ணும் தலைமுடியுமாகச் சேர்த்த சாட்சி எல்லாம் எதற்கு? கடைசியில் ஒரு அறையில்தான் உண்மை வெளியே வருகிறது. அந்த அறை இல்லாமலேயே சாட்சி போதும், ஆனாலும் அறை விழ வேண்டும், அவன் வாயாலேயே ஒத்துக்கொள்ள வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அப்போதுதான் நிறைகிறது. நம் நாட்டுச் சட்டத்தில் அந்த வாக்குமூலத்துக்கு மதிப்பே கிடையாது. போலீஸ் அதிகாரியிடம் ஒருவன் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவனுக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவில் சொன்னது. 2024 ஜூலையில் அந்தச் சட்டத்தின் பெயரையும் எண்களையும் மாற்றினார்கள். அப்போதும் இதைக் கைவிட முடியவில்லை, 23ஆம் பிரிவாக இருக்கிறது.

வெள்ளைக்காரனுக்கு ஏன் தன் போலீஸ் மேலேயே இப்படி ஒரு அவநம்பிக்கை வந்தது? அதற்குப் பதில் நம் பக்கத்திலிருந்துதான் போனது. சென்னை மாகாணத்தில் நடக்கும் சித்திரவதைகளை விசாரிக்க ஒரு கமிஷன் போட்டு, 1855இல் அது அறிக்கை கொடுத்தது. வரி வசூலிக்கவும் திருட்டை ஒத்துக்கொள்ள வைக்கவும் கிராமத்து மனுஷர்களை என்னென்ன செய்தார்கள் என்று அதில் இருக்கிறது. நம் பாட்டிகள் பேச்சில் வரும் 'கிட்டி' அதில் இருக்கிறது. மார்க்ஸ் 1857இல் அமெரிக்கப் பத்திரிகையில் அந்தச் சித்திரவதைகளைப் பற்றி எழுதினார். அந்த உடம்புகள் பட்ட வேதனையிலிருந்து பிறந்த சட்டம் இது. ஆனால் பக்கத்திலேயே ஒரு சின்ன வாசலும் வைத்தார்கள். வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்த அளவுக்கு அதை ஏற்கலாம் என்று 27ஆம் பிரிவு. "நகை எங்கடா?" என்ற கேள்வி இன்றைக்கு வரைக்கும் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது.

இங்கிருந்து அதிக தூரமில்லை, கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலம் பக்கம் முதனை. 1993 மார்ச்சில் குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணுவை நகை திருடியதாகச் சொல்லித்தான் கம்மாபுரம் ஸ்டேஷனில் வைத்தார்கள். அடித்தே கொன்றுவிட்டு, தப்பி ஓடிவிட்டான் என்று எழுதினார்கள். மனைவி பார்வதி விடாமல் நின்றார், வழக்கறிஞராக இருந்த சந்துரு உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார், பல வருஷம் கழித்துப் போலீஸ்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 2021இல் 'ஜெய் பீம்' படமாக வந்தது, குறவரை இருளர் என்று மாற்றிக்கொண்டு. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார். அதே நகை, அதே கேள்வி, அதே சாவு. முப்பத்திரண்டு வருஷம் நடுவில்.

அப்படியானால் அம்மா கேட்ட விசாரணைக்கு இந்த நாட்டில் ரெண்டு முகம் இருக்கிறது. மாமா செத்தபோது யாரும் வந்து கேட்கவில்லை. அண்ணனிடம் ரெண்டு ராத்திரி கேட்டார்கள். நாம் செத்தால் விசாரணை இல்லை, மற்றவன் நகை தொலைந்தால் நம்மிடம்தான் விசாரணை. ரெண்டும் ஒரே ஸ்டேஷனில், ஒரே மேசையில் நடக்கிறது. அந்தத் தொடர் இதில் முதல் குறையைக் கற்பனையில் தீர்த்து வைத்துவிட்டு, ரெண்டாவதைக் கூலியாக வாங்கிக்கொள்கிறது. உன் பிணத்தைப் பற்றி நான் கேட்கிறேன், பதிலுக்கு நான் அடிப்பதை நீ ஒத்துக்கொள் என்கிறது. இந்தப் பேரம்தான் அந்த வாய்பாட்டின் உள்ளே இருக்கிற விஷயம்.

*

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2010 மே மாதம் 'சிங்கம்' வந்தது. முதல் வாரமே போய்ப் பார்த்தேன். சூர்யா ஓங்கி அறையும்போது தியேட்டரே அதிர்ந்தது. நானும் விசிலடித்தேன். அண்ணன் காது போய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்து அண்ணன் பக்கத்தில் படுத்தபோதுகூட எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பிற்பாடு 'விசாரணை' வந்தபோது, இயக்கத்துக்காரனாக அண்ணனைக் கூப்பிட்டேன். மு.சந்திரகுமார் தன் சொந்த லாக்கப் அனுபவத்தை எழுதிய நாவலைத்தான் படமாக எடுத்திருக்கிறார்கள், கட்டாயம் பார்க்கணும் என்று விளக்கினேன். அண்ணன் சொன்னார்: "அதக் காசு குடுத்து வேற பாக்கணுமா?" யாருக்கு எந்தப் படம் தேவை என்று தீர்மானிக்கிற உரிமை எனக்கு இருப்பதாக நினைத்திருந்தேன்.

ரசிப்பது குற்றமா என்ற கேள்விக்கு இப்போது என்னால் இப்படித்தான் பதில் சொல்ல முடிகிறது. ரசனை என்பது ஒற்றை இழை இல்லை. நான் விசிலடித்ததில் இருந்த ஆசையும் அம்மா உட்கார்ந்திருந்ததில் இருந்த ஆசையும் வேறு வேறு. நான் அந்த அறை விழுகிற பக்கத்தில் நின்றுகொள்ள ஆசைப்பட்டேன். ரெண்டு மணி நேரமாவது வாங்குகிற இடத்தில் இல்லாமல் கொடுக்கிற இடத்தில் இருக்கலாம் என்ற ஆசை அது. நம் பையன்கள் பலபேருக்கு அது உண்டு, வெளியே சொல்லமாட்டோம். அம்மா கேள்வி கேட்கப்படுவதைப் பார்க்க ஆசைப்பட்டார். பசித்தவன் தட்டில் இருப்பது யார் வீட்டுச் சோறு, அதில் என்ன கலந்திருக்கிறது என்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அதற்காகப் பசியையே குற்றம் சொல்ல முடியாது. நம் விமர்சனம் பல நேரங்களில் பசியைத்தான் குற்றம் சொல்கிறது.

அம்மாவைத் தெய்வமாக்கவும் நான் தயாரில்லை. 2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் பக்கத்தில், இளம் பெண் மருத்துவர் ஒருவரின் கொலையில் பிடித்த நாலு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஜனங்கள் போலீஸ் மேல் பூ போட்டார்கள். உச்சநீதிமன்றம் போட்ட சிர்புர்கர் கமிஷன் 2022இல், தற்காப்புக்குச் சுட்டோம் என்பது நம்பும்படி இல்லை, கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டிருக்கிறார்கள், பத்துப் போலீஸ்காரர்கள் மேல் வழக்கு நடத்த வேண்டும் என்று சொன்னது. பூ போட்டவர்கள் அதைப் படித்திருக்கமாட்டார்கள். 2024 மார்ச்சில் எங்கள் முத்தியால்பேட்டையில் ஒன்பது வயதுக் குழந்தை கொல்லப்பட்டபோது ஊரே தெருவுக்கு வந்தது, பந்த் நடந்தது. அன்றைக்கு ராத்திரி சோறு போட்டுக்கொண்டே அம்மா சொன்னார்: "கோர்ட்டு கேசுன்னு எதுக்கு இழுக்கணும்? சுட்டுத் தள்ளணும்." எனக்கும் அப்போது மறுத்துப் பேச மனசு வரவில்லை. அந்தக் குழந்தையின் முகம் கண்முன்னால் இருந்தது. அண்ணன்தான் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "சித்தி, அன்னைக்கு அந்த நகை கெடைக்காமப் போயிருந்தா?"

வேறொன்றும் சொல்லவில்லை. அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

அண்ணன் கேட்டதைத்தான் நம் கூட்டங்களில் நாம் கோட்பாடாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். உடனடி நீதி யாருக்காவது கிடைக்கிறது என்றால், அதற்கு உடனடியாக ஒரு உடம்பு தேவைப்படுகிறது. சுலபமாகக் கிடைக்கிற உடம்பு எந்தத் தெருவில் இருக்கிறது என்று போலீஸுக்குத் தெரியும். காவலும் நிர்வாகமும் சாதி இந்துக்களின் கையில் இருக்கும்வரை சட்டத்தின் சமத்துவம் காகிதத்தோடு நின்றுவிடும் என்று அம்பேத்கர் திரும்பத் திரும்ப எச்சரித்தார். ஆனாலும் அவர் காகிதத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தில் இருப்பதைச் செய்ய வைக்கத்தான் வாழ்நாள் முழுக்கப் போராடினார். டி.எஸ்.பி. வர வேண்டும் என்பதும் காகிதம்தான். போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்பதும் காகிதம்தான். முதலாவது மாமாவுக்கு, ரெண்டாவது அண்ணனுக்கு. ரெண்டையும் சேர்த்துத்தான் நாம் கேட்க வேண்டும். ஒன்றுக்காக மற்றதை விட்டுக்கொடுக்கச் சொல்லி எந்தக் கதை வந்தாலும், அது எவ்வளவு சுவாரசியமாக இருந்தாலும், அந்த இடத்தில் நாம் எழுந்துகொள்ள வேண்டும்.

என் தோழர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. நாம் ஒரு சாவு நடந்தால் போகிறோம். உண்மை அறியும் குழு என்று அதற்குப் பேர் வைத்திருக்கிறோம். யார், என்ன, கடைசியாக யாரோடு இருந்தான், சைக்கிள் எங்கே என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறோம், எழுதுகிறோம், யாரையும் அடிப்பதில்லை. அம்மா ராத்திரி பத்து மணிக்குத் தேடியது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 2004இல் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு அப்படி ஒரு குழு வந்திருந்தால் அம்மாவுக்கு ஏ.சி.பி. பிரத்யுமன் தேவைப்பட்டிருக்கமாட்டார். நாம் போகாத வீடுகளில்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

*

தொடர் மறுபடி வந்த பிறகு அம்மா பார்க்கிறார். இப்போது வயசாகிவிட்டது, வேலைக்குப் போவதில்லை, கண்ணும் அவ்வளவு தெரிவதில்லை. அண்ணனும் வந்து உட்காருகிறார், கேட்கிற காதை டி.வி. பக்கம் திருப்பிக்கொண்டு. போன வாரம் நானும் உட்கார்ந்தேன். பிணம் கிடந்தது, வண்டி வந்தது, பொத்தான் கிடைத்தது, கதவு உடைந்தது. குற்றவாளியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஏ.சி.பி. அவனுக்கு எதிரே வந்து நின்றார். அண்ணன் எழுந்துகொள்ளக் கையை ஊன்றினார். அதற்குள் அம்மா ரிமோட்டை எடுத்து டி.வி.யை அணைத்துவிட்டார்.

"ஏம்மா, முடியலயே?" என்றேன்.

"கேக்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சு. போய்ப் படு."

எவ்வளவு நாளாக இப்படி அணைக்கிறார் என்று அண்ணனிடம் கேட்டேன். பல வருஷமாகவாம்.